எண்ணெயும் வேண்டும், புரதமும் வேண்டும், தொழிலாளி நலமும் வேண்டும்!



இம்முறை நம் சுகாதாரப் பகுதியில் ஓர் அவரையைப் பற்றிப் பேசப் போகிறோம். "அவரையில என்ன இருக்கு, நாம பார்க்காத அவரையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது சோயா அவரை. சந்தையில் வாங்கும் தவ்வு, இரவுச் சந்தையில் பிள்ளைகள் கேட்டு அடம் பிடிக்கும் சோயா பால், தெம்பே, சமையலுக்கு ஊற்றும் கீச்சாப் எல்லாம் இந்த அவரையிலிருந்து வருபவைதாம். நீங்கள் தவ்வையே தொடாதவராக இருந்தாலும் கோழி சாப்பிடுகிறீர்கள் அல்லவா? அந்தக் கோழி தின்று வளர்ந்த தீவனத்தில் சோயாப் பிண்ணாக்கு இருக்கிறது. ஆகவே சோயா எப்படியோ நம் தட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்த அவரை நம் நாட்டில் பெரிதாக விளைவதில்லை. அமெரிக்கா, பிரேசில், அர்ஜெந்தினா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே அதிலிருந்து எண்ணெய் எடுப்பது எப்படி, எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சத்து என்ன ஆகிறது, அந்த வேலையில் நிற்கும் தொழிலாளியின் உடம்பு என்ன ஆகிறது என்பதையெல்லாம் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவனுக்கு இது எதற்கு என்று கேட்டால், காரணம் இருக்கிறது. கடைசிவரை படியுங்கள்.

அவரைக்குள் என்ன இருக்கிறது?

காய்ந்த சோயா அவரை 100 கிலோ எடுத்தால், அதில் எண்ணெய் ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். புரதச் சத்து ஏறக்குறைய 36 முதல் 40 கிலோ வரை இருக்கும். அதாவது எண்ணெயைப் போல இரண்டு மடங்கு புரதம். பருப்பு வகைகளில் இவ்வளவு புரதம் உள்ளவை மிகக் குறைவு.

புரதம் என்றால் என்ன? நம் சதை, இரத்தம், தோல், முடி, நோயை எதிர்க்கும் சக்தி எல்லாவற்றுக்கும் அதுதான் செங்கல். வளரும் பிள்ளைக்கும், பிள்ளை சுமக்கும் தாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், காலையிலிருந்து வெட்டுக்காட்டில் நிற்பவருக்கும் அது கட்டாயம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் ஒரு தட்டு நிறையச் சோறும், மேலே கொஞ்சம் குழம்பும், ஓர் அப்பளமும் வைத்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறோம். வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை. அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அதில் லைசின் என்ற ஒரு பகுதி குறைவு. சோயாவில் அது தாராளமாக இருக்கிறது. சோயாவில் குறைவாக உள்ள வேறொரு பகுதி அரிசியில் இருக்கிறது. ஆகவே சோறும் சோயாவும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. சோறும் பருப்பும் சேர்த்து உண்ட நம் பாட்டிமார் இதை அறிந்தோ அறியாமலோ சரியாகத்தான் செய்தார்கள்.

இவ்வளவு சத்துள்ள அவரையை ஆலைக்காரர் எதற்காக உடைக்கிறார்? எண்ணெய்க்காக. அங்கேதான் கதை தொடங்குகிறது.

பெட்ரோல் போன்ற ஒரு திரவம்

சோயாவைச் செக்கில் இட்டு ஆட்டினால் எண்ணெய் முழுவதும் வராது. திருகு இயந்திரத்தில் நெருக்கிப் பிழிந்தாலும் பிண்ணாக்கில் 5 முதல் 7 சதவிகிதம் வரை எண்ணெய் தங்கிவிடும். மொத்தமே 20 சதவிகிதம் உள்ள இடத்தில் இது பெரிய நட்டம். ஆகவே 1930-களிலிருந்து பெரிய ஆலைகள் ஹெக்ஸேன் என்ற திரவத்துக்கு மாறின. இது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது, பெட்ரோலுக்கு உறவுக்காரன். அவரையை உடைத்து, தோல் நீக்கி, சூடாக்கி, உருளையில் இட்டு அவல்போல் தட்டையாக்குவார்கள். அந்த அவலின்மேல் ஹெக்ஸேனைப் பொழிவார்கள். அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு கீழே வடியும். பிறகு சூடாக்கினால் ஹெக்ஸேன் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் நிற்கும். ஆவியைக் குளிரவைத்து மறுபடியும் உபயோகிப்பார்கள். பிண்ணாக்கில் ஒரு சதவிகிதம்கூட எண்ணெய் மிஞ்சாது.

கணக்குப் பார்த்தால் கெட்டிக்கார வேலைதான். ஆனால் ஹெக்ஸேனுக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு.

முதலாவது, அது தீயைத் தேடிப் போகும். 1981 பிப்ரவரி 13-ம் தேதி அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் ஒரு சோயா ஆலையிலிருந்து ஹெக்ஸேன் கசிந்து சாக்கடைக் குழாய்களுக்குள் போய்விட்டது. விடிவதற்கு முன் மேலே போன ஒரு காரின் பொறி பட்டு, குழாய்கள் வெடித்தன. இரண்டு மைலுக்கு மேல் தெருக்கள் பிளந்து பள்ளமாயின. அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. அதனால்தான் உயிர்ப்பலி இல்லாமல் போயிற்று.

இரண்டாவது, அது நரம்பைத் தின்னும். அதன் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்தால், முதலில் கால் விரலும் கை விரலும் மரத்துப்போகும். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு கால் தளரும், படி ஏற முடியாது, பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடும். வேலையை விட்டு விலகினாலும் உடனே நிற்காது. சிலருக்கு விலகிய பின்னும் சில மாதங்கள் நோய் கூடிக்கொண்டே போய், பிறகுதான் மெதுவாகத் தணியும்.

1960-களில் ஜப்பானில், வீட்டில் இருந்தபடியே செருப்பு ஒட்டிய ஏழைப் பெண்கள் பலர் இப்படி நடக்கமுடியாமல் போனார்கள். பசையில் இருந்தது இந்த ஹெக்ஸேன். அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியாது. 2009-ல் சீனாவின் சுசோ நகரத்தில் கைத்தொலைபேசிக்குக் கண்ணாடித் திரை செய்யும் ஒரு தொழிற்சாலையில், திரையைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதில் ஹெக்ஸேனைக் கொடுத்தார்கள். காரணம் என்ன? அது சீக்கிரம் காயும், உற்பத்தி கூடும். 137 தொழிலாளர்களுக்கு விஷம் ஏறியது. சீக்கிரம் காய்ந்தது திரை, காய்ந்துபோனது மனிதர்களின் நரம்பு.

நம் தோட்டங்களில் பிறந்த எத்தனை பிள்ளைகள் இன்று மின்னணுத் தொழிற்சாலைகளிலும், அச்சகங்களிலும், செருப்பு, பசை, பெயிண்ட் வேலைகளிலும் இருக்கிறார்கள்! இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் காரணம் அதுதான்.

கடை எண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

"அப்போ கடையில விக்கிற சோயா எண்ணெய்ல விஷம் இருக்கா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். பயப்படத் தேவையில்லை. ஹெக்ஸேன் 69 பாகை சூட்டிலேயே ஆவியாகிவிடும். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதைவிட எத்தனையோ மடங்கு சூடு ஏற்றுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி ஒரு கிலோ எண்ணெயில் 1 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்ஸேன் இருக்கக்கூடாது. ஆபத்து பெரும்பாலும் புட்டியில் இல்லை, ஆலைக்குள் இருக்கிறது. உண்பவனைவிட உழைப்பவனுக்குத்தான் அது பகை. இதை மறந்துவிட வேண்டாம்.

ஆலையைச் சுற்றியிருக்கும் காற்றுக்கும் கேடு உண்டு. எவ்வளவு மூடி வைத்தாலும் கொஞ்சம் ஆவி தப்பிப் போகிறது. அமெரிக்க அரசாங்கம் 1990-ல் ஹெக்ஸேனைக் காற்றைக் கெடுக்கும் ஆபத்தான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2001-ல் தாவர எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதி போட்டது. அதன் பிறகுதான் "வேறு வழி உண்டா?" என்ற கேள்விக்கு ஆலைக்காரர்களும் காது கொடுத்தார்கள்.

தண்ணீரால் எண்ணெய் எடுக்கும் வழி

வேறு வழி உண்டு. அது நம் அடுப்பங்கரையிலேயே இருந்த வழி. தேங்காயைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிழிந்து, பாலை வைத்தால் மேலே கெட்டியாக ஆடை மிதக்கும். அதை எடுத்துக் காய்ச்சினால் எண்ணெய் பிரியும். பச்சைப் பிள்ளைக்குத் தடவப் பாட்டிமார் காய்ச்சிய எண்ணெய் அதுதான். அங்கே எந்த இரசாயனமும் இல்லை, தண்ணீர்தான் வேலைக்காரன்.

நம் செம்பனை ஆலையிலும் அப்படியே. குலையை நீராவியில் வேகவைத்து, பழத்தைப் பிசைந்து, திருகில் நெருக்கி, சுடுதண்ணீர் விட்டுத் தெளியவைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். செம்பனைப் பழத்தின் சதையில் எண்ணெய் நிறைந்து கிடப்பதால் அது முடிகிறது. சோயாவில் எண்ணெய் குறைவு. அதுவும் சின்னச் சின்னத் துளியாகப் புரதத்தின் நடுவே சிக்கிக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீர் விட்டால் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

இதற்கு அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஜான்சன் என்ற பேராசிரியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2000-ம் ஆண்டுகளில் ஒரு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அவல்போல் தட்டிய சோயாவைச் சூடும் அழுத்தமும் உள்ள திருகு இயந்திரத்துக்குள் தள்ளி வெளியே விடுவார்கள். அரிசிப் பொரி பொரிவதுபோல் அது உப்பி, உள்ளறைகள் உடைந்துவிடும். பிறகு 50 பாகைச் சூட்டுத் தண்ணீரில் அதைக் கலக்கி, புரதத்தை வெட்டும் நொதியைக் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

நொதி என்றால் பயப்பட வேண்டாம். ஆட்டிறைச்சி சீக்கிரம் வேக வேண்டும் என்று பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அங்கே வேலை செய்வது நொதிதான். துணியில் உள்ள கறையைப் போக்கச் சலவைத் தூளில் சேர்ப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. அது புரதச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். பூட்டு உடைந்ததும் உள்ளே அடைபட்ட எண்ணெய் வெளியே வரும். பிறகு எல்லாவற்றையும் வேகமாகச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலே எண்ணெயும் ஆடையும், நடுவே புரதம் கரைந்த தண்ணீர், அடியில் நார். இந்த முறையில் 95 சதவிகிதத்துக்கு மேல் எண்ணெய் வந்துவிட்டது. ஒரு துளி ஹெக்ஸேன் இல்லை!

எண்ணெய் வந்தது, புரதம் எங்கே?

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். சோயாவில் எண்ணெயைப்போல் இரண்டு மடங்கு புரதம் என்று சொன்னோம் அல்லவா? அந்தப் புரதம் இப்போது தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து நிற்கிறது. அதைத் திரும்ப எடுக்காவிட்டால் எண்ணெய் எடுத்த பெருமை அத்தனையும் வீண்.

ரப்பர்ப் பால் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. பால் உறையாமல் இருக்க என்ன செய்வீர்கள்? அமோனியா ஊற்றுவீர்கள். உறைய வேண்டுமானால்? ஆசிட் ஊற்றுவீர்கள். பாலில் மிதக்கும் ரப்பர்த் துளிகள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆசிட் பட்டதும் அந்தத் தள்ளல் போய்விடும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சோயாப் புரதமும் ஏறக்குறைய அப்படித்தான். காரத் தண்ணீரில் கரையும். புளிப்பு ஏறி, பி.எச். அளவு 4.5 வந்ததும் திரிந்து கட்டியாகக் கீழே இறங்கும். தவ்வு செய்பவர் ஆசிடுக்குப் பதில் கால்சியம் அல்லது மக்னீசியம் உப்பைப் போட்டுத் திரிய வைக்கிறார். வேலை ஒன்றே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் வந்து குறுக்கே நிற்கிறது. எண்ணெய் நன்றாக வர வேண்டும் என்று நொதி போட்டோம். நொதி புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது. நீளமாக இருந்தபோது ஆசிடுக்குத் திரிந்த புரதம், துண்டானபின் திரிய மறுக்கிறது. ஆசிட் ஊற்றினாலும் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். நொதி போடாவிட்டால் புரதம் திரியும், எண்ணெய் வராது. நொதி போட்டால் எண்ணெய் வரும், புரதம் திரியாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மகன் கதைதான்!

இதற்குக் கண்ட வழி சல்லடை. சாதாரணச் சல்லடை அல்ல, கண்ணுக்கே தெரியாத துளைகள் உள்ள மெல்லிய சவ்வு. இதுவும் நமக்குப் புதிது அல்ல. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கப் போகும் உறவினர் இல்லாத குடும்பம் உண்டா? அந்த இயந்திரத்தில் இருப்பதும் இப்படிப்பட்ட சவ்வுதான். சின்ன அசுத்தங்கள் துளை வழியே போய்விடும், இரத்தத்தில் உள்ள புரதம் போகாமல் நிற்கும். அதேபோல் சோயாத் தண்ணீரை அழுத்தி அனுப்பினால் தண்ணீரும் சர்க்கரையும் உப்பும் வெளியேறும், புரதம் தங்கும். வெட்டுப்பட்ட துண்டு எவ்வளவு சிறியதோ, துளையும் அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். சவ்வு அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழுவ வேண்டும், செலவு ஏறும். இதுதான் இன்னும் முழுதாகத் தீராத கணக்கு.

தண்ணீர்ச் செலவையும் குறைத்தார்கள். முதலில் ஒரு கிலோ சோயாவுக்கு 10 கிலோ தண்ணீர் என்று இருந்தது. இரண்டு தொட்டி வைத்து, இரண்டாவது தொட்டியில் வந்த தண்ணீரையே முதல் தொட்டிக்குத் திருப்பி விட்டு, சுமார் 6 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். நொதியும் இரண்டு தடவை வேலை செய்தது. ஒரே தண்ணீரில் இரண்டு சட்டி கழுவத் தெரிந்த நம் தாய்மார்களின் சிக்கனம்தான் இது.

தண்ணீர் என்றால் சுத்தம் என்று அர்த்தமா?

"இரசாயனம் இல்லை, வெறும் தண்ணீர்தான், ஆகவே சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே கை தட்டிவிடாதீர்கள். நம் நாட்டுச் செம்பனை ஆலைகளைப் பாருங்கள். அங்கேயும் வெறும் தண்ணீரும் நீராவியும்தான். ஆனால் ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்குக் குறையாத கழிவுத் தண்ணீர் வருகிறது. 1970-களில் அதை அப்படியே ஆற்றில் விட்டார்கள். ஆறு நாறியது, மீன் செத்து மிதந்தது. 1977-ல் அரசாங்கம் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்த பிறகுதான் கழிவுக் குளங்கள் வந்தன. இப்போது பல ஆலைகளில் அந்தக் குளத்து வாயுவைப் பிடித்து எரிசக்தியாகவும் உபயோகிக்கிறார்கள்.

சோயாத் தண்ணீரும் அப்படியே. புரதத்தை எடுக்காமல் கொட்டினால் அது ஆற்றுக்கு விஷம். எடுத்துக்கொண்டால் மனிதனுக்கு உணவு, அல்லது கன்றுக்கும் பன்றிக்குட்டிக்கும் தீவனம். ஒரே பொருள் வீணானால் கழிவு, மீட்டால் செல்வம். ஆகவே சோயாவில் புரதத்தை மீட்பது சத்துக்கான வேலை மட்டும் அல்ல, சுற்றுச்சூழலைக் காக்கும் வேலையும் அதுதான். ஐயோவா ஆராய்ச்சியாளர்கள் மிஞ்சிய தண்ணீரையும் நாரையும் சோளத்திலிருந்து எரிசாராயம் காய்ச்சும் ஆலையில் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவும் நல்ல யோசனையே.

இன்றைக்கும் உலகத்துப் பெரிய சோயா ஆலைகளில் ஹெக்ஸேன்தான் ஆட்சி செய்கிறது. தண்ணீர் முறை ஆய்வுக்கூடத்தையும் சோதனை ஆலையையும் தாண்டிப் பெரிதாக வரவில்லை. செலவு கூட என்கிறார்கள். ஆனால் செலவு என்று யார் கணக்குப் போடுகிறார்கள்? மரத்துப்போன கால் எந்தக் கணக்கில் வரும்? வெடித்த தெரு எந்தக் கணக்கில் வரும்? நமக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. பாராகுவாட் களைக்கொல்லி இல்லாமல் தோட்டம் நடத்தமுடியாது என்று எத்தனை வருஷம் சொன்னார்கள்! 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது இந்த நாட்டில் தடை. தோட்டம் நின்றுவிடவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

ஆலை மாறும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. சோயாப் புரதத்தைத் தண்ணீரால் எடுக்கும் வேலையை வீட்டிலேயே செய்யலாம்.

அவரையை இரவு ஊறவையுங்கள். காலையில் தண்ணீர் மாற்றி அரைத்து, துணியில் வடிகட்டி, பாலை நன்றாகக் கொதிக்க வையுங்கள். ஒரு விஷயம் ஜாக்கிரதை: சோயா பால் கொதிப்பதற்கு முன்பே நுரைத்துப் பொங்கும். "கொதிச்சிருச்சு" என்று இறக்கிவிடாதீர்கள். நுரையை அடக்கி, மெல்லிய தீயில் இன்னும் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சைச் சோயாவில் நம் வயிற்றில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால்தான் அது அடங்கும். வேகாத சோயா பால் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

துணியில் மிஞ்சும் சக்கையை எறியாதீர்கள். அதிலும் புரதமும் நாரும் உண்டு. அடை மாவிலோ வடையிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும், அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

ஒரு கிளாஸ் வீட்டுச் சோயா பாலில், தண்ணீர் அதிகம் சேர்க்காவிட்டால், 7 அல்லது 8 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம். கெட்டித் தவ்வு 100 கிராமில் 10 கிராமுக்கு மேல். தெம்பே 100 கிராமில் 19 கிராம் அளவுக்கு உண்டு. பாக்கெட்டிலும் டின்னிலும் வரும் சோயா பானத்தில் சர்க்கரை கூடுதல், புரதம் குறைவு. பெட்டியில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கேளுங்கள்.

சில எச்சரிக்கைகள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சோயா பானம் கொடுக்கவே கூடாது. டின் பாலும் கூடாது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? புரதக் குறைவால் பிள்ளைகளுக்கு உடம்பு வீங்கி வரும் நோயை ஆப்பிரிக்காவில் 1930-களில் உலகுக்கு எடுத்துக் காட்டியவர். பிறகு சிங்கப்பூருக்கு வந்து, குழந்தைகளுக்கு இனிப்பு டின் பாலைக் கொடுக்கச் சொல்லும் விளம்பரங்களைக் கண்டு மனம் கொதித்து, 1939-ல் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே அங்கே சொற்பொழிவு செய்தார். அந்த எச்சரிக்கைக்கு வயதாகிவிட்டது, தேவை தீரவில்லை.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் உண்ண வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையோடு சேர்த்துச் சோயா பால் குடிக்க வேண்டாம், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். சோயா ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து, மூச்சு வாங்குபவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

வேலையிடத்தில் செய்ய வேண்டியது

உங்கள் பிள்ளைகளோ நீங்களோ இரசாயனம் கையாளும் வேலையில் இருந்தால், இவற்றை நினைவில் வையுங்கள்.

கையில் கொடுக்கும் திரவத்தின் பெயரைக் கேளுங்கள். ஒவ்வோர் ஆபத்தான இரசாயனத்துக்கும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கை கால் மரத்துப்போனாலும், அடிக்கடி தலை சுற்றினாலும், "களைப்புதான்" என்று தைலம் தடவிப் படுத்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது என்ன வேலை செய்கிறோம், எந்தத் திரவத்தைத் தொடுகிறோம் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள். வேலையால் வந்த நோய்க்கும் சொக்சோவில் இழப்பீடு உண்டு. விபத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து எத்தனையோ பேர் உரிமையை விட்டுவிடுகிறார்கள்.

1994-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, அதைச் சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இது சட்டம் கொடுத்த உரிமை, யாரும் போடும் பிச்சை அல்ல.

தோழர்களே, ஓர் அவரைக்குள் எண்ணெய் இருக்கிறது, சத்து இருக்கிறது, அதை உடைக்கும் தொழிலாளியின் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. மூன்றையும் காப்பாற்றும் வழியை விஞ்ஞானம் காட்டத் தொடங்கிவிட்டது. அந்த வழியில் ஆலைகளைப் போக வைப்பது சட்டமும் சங்கமும் செய்ய வேண்டிய வேலை. இந்த வாரச் சமையலில் சோற்றோடு ஒரு துண்டுத் தவ்வோ, ஒரு கரண்டிப் பருப்போ கூட வைப்பது உங்கள் வேலை.

உடல்நலம் பற்றிச் சந்தேகங்கள் இருந்தால் எழுதி உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்து வரும் இதழ்களில் இந்தப் பகுதியிலேயே பதில் சொல்வோம்.